பெருநாள் வீட்டில் எங்கள் மாநாடு

மாநாடு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். ஊரில் அதைக் கூட்டம் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்த மரியாதைகூட இல்லை; "இவன் திரும்பவும் தபால் காட் எழுதத் தொடங்கிட்டான்" என்பார்கள். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவர்கள் அந்நாளில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிப் பேர் பள்ளிக்கூட வாத்திமார். மிச்சம் ஒரு நீர்ப்பாசன ஓவசியர், ஒரு தபால் கந்தோர்க் கிளாக்கர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து இளைப்பாறிய அப்போதிக்கரி ஒருவர் என்று இப்படி. வருடத்தில் ஒருநாள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது, ஆளுக்கொரு கட்டுரை வாசிப்பது, மற்றவர்கள் அதைப் பிய்த்து எறிவது, பிறகு சேர்ந்து சோறு தின்று கலைவது: இதுதான் மாநாடு. கேட்கப் பிரியமுள்ள நண்பர்களும் வருவார்கள். அப்போதிக்கரி ஐயா தலைவர். நான் காரியதரிசி. வயதில் எல்லோருக்கும் இளையவன், சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்தவன். காரியதரிசி ஆவதற்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

இதெல்லாம் நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. யுத்தம் வந்து கடதாசிக்கும் பஞ்சம் வந்த இந்தக் காலத்தில், அன்றைக்கு ஒரு நாளை ஒழுங்கு செய்ய நாங்கள் எவ்வளவு கடதாசி செலவழித்தோம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த வருடத்தின் முதல் தீர்மானம், பாடும் மீனுக்கு ஓய்வு கொடுப்பது. முந்திய வருடம் வாசித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் வாவியில் பாடும் மீனைப் பற்றியவை. ஒருவர் அது மீனே அல்ல, சிப்பி என்றார். இன்னொருவர் பாலத்துத் தூணில் மோதும் தண்ணீர் என்றார். சண்டை முற்றி, ஆராவது அதைக் கையில் பிடித்துப் பார்த்தீர்களா என்று தலைவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இம்முறை ஒரே ஒரு விலக்கு: மழையைப் பற்றி எழுதலாம், நெல்லில் விழும் பூச்சியைப் பற்றி எழுதலாம், அந்த மீனைப் பற்றி மட்டும் கூடாது. தபால் கந்தோர்க் கிளாக்கர் தனியாக நின்று எதிர்த்தார். அவரிடம் பாதி எழுதிய கட்டுரை இருந்தது.

இந்தச் சில்லறைச் சண்டைகளுக்கு நடுவில்தான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஒரு தினசரியின் பத்திராதிபர் எழுதியிருந்தார். தங்கள் பத்திரிகையில் வாரந்தோறும் விஞ்ஞானப் பகுதி ஒன்று தொடங்கப் போவதாகவும், அதைத் தொடர்ந்து எழுத ஒருவரைத் தேடுவதாகவும், எங்கள் மாநாட்டுக்கு வந்து எல்லோரையும் வாசிக்கக் கேட்டுத் தெரிவு செய்ய விரும்புவதாகவும். எழுதி அனுப்பினால் போதாதா என்று நான் பதில் போட்டேன். எழுத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆள் கேள்விக்குப் பதில் சொல்வதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று திருப்பி எழுதினார். இரவு றெயிலில் புறப்பட்டுச் சனிக்கிழமை காலையில் வந்து, அன்று இரவு றெயிலிலேயே திரும்பிவிடுவாராம். அவருக்கு அந்த ஒரு நாள்தான் வசதி.

எங்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரு கண் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் இருந்தது. ஆனால் அது உண்மையில் யாருக்குத் தேவை என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. காத்தான்குடியில் இருந்த என் நண்பனுக்குத்தான்.

அவன் வானத்தைப் பற்றி எழுதுகிறவன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். கணக்கில் புலி. அந்த வருட நடுவில்தான் அவனுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். வீடும் வளவும் பெண்ணுக்கு உரியவை. தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் இதுதான் வழக்கம். அவனும் அப்படிப் போனான். மாமனாருக்கு அந்த ஊரில் பெரிய புடவைக்கடை. நல்ல மனிதர், ஆனால் மருமகன் கடதாசியும் கையுமாக இருப்பதை வேலை என்று அவர் கணக்கில் எடுக்கவில்லை. நோன்புப் பெருநாள் வரைக்கும் எழுதுங்கள், பெருநாள் முடிந்த கையோடு கடையில் வந்து இருங்கள், இந்த விளையாட்டை அதோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். ஒரு பெரிய பத்திரிகை வாராவாரம் எழுதக் கேட்டுப் பெயரும் போட்டால் மாமனார் மனம் மாறலாம். அது கிடைக்காவிட்டால் என் நண்பனின் நட்சத்திரங்கள் அந்தப் பெருநாளோடு சரி.

ஆகவே திகதி குறிப்பதில் நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் தெரியுமா? வாத்திமாருக்கு மார்கழி விடுமுறை வேண்டும். கிறிஸ்மஸ் அன்று கூடாது, எங்களில் சிலர் மாதா கோவிலுக்குப் போகவேண்டியவர்கள். திருவெம்பாவை தொடங்கிவிட்டால் மண்டூர் வாத்தியார் வரமாட்டார். கிரானிலிருந்து வருகிறவருக்கு வயல்வட்டையில் வெள்ளம் நிற்கும் காலம், இருட்டுமுன் திரும்ப வேண்டும். இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பத்திராதிபர் சொன்ன அதே சனிக்கிழமை மிஞ்சியது. அந்த வருடம் நோன்பும் மார்கழி மாரியில்தான் வந்திருந்தது. பெருநாள் எந்த நாளில் விழும் என்பது மட்டும் பாக்கி.

இதைக் கேட்க நாங்கள் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. போவானேன்? எங்களிடமே வானசாஸ்திரி இருந்தான். அவன் பஞ்சாங்கத்தையும் இங்கிலீஷ் ஆண்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கக் கணக்குப் போட்டான். அவன் நோன்போடு இருந்ததால் நாங்கள் தேத்தண்ணீரை ஒளித்துவைத்துக் குடித்தோம்; "குடிங்ககா, எனக்கு மணக்கிறதுதான் பிரச்சினை" என்றான். கடைசியில் தலை நிமிர்த்தி, வியாழக்கிழமை பொழுது பட்டதும் மேற்கே பிறை நிற்கும், மிகவும் மெல்லியது, ஆனால் கண்ணுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை பெருநாள் என்றான். பெருநாளுக்கு மறுநாள் மாநாடு. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? ஓவசியர் கணக்கைச் சரிபார்த்தார். தலைவர் கையொப்பம் வைத்தார். நான் அழைப்புத் தபால் காட்டுகளை எழுதிப் போட்டேன். மார்கழி மாதத்து மட்டக்களப்பில் வானம் எப்படி இருக்கும் என்று, மழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் நானும் காத்தான்குடிக்குப் போனேன். ஊருக்கு மேற்கே வாவிக்கரை. பிறை பார்க்க ஊரே அங்கே நின்றது. வாவிக்கு அப்பால், சூரியன் இறங்குகிற பக்கத்தில், நனைந்த கம்பளி போல ஒரு முகில் கிடந்தது. பொழுது பட்டது. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முகில் அசையவில்லை. காக்கா என்று எல்லோரும் அண்ணன் முறை சொல்லி அழைக்கும் ஒரு பெரியவர் என் நண்பனிடம் திரும்பினார்.

"உங்கட கணக்கில பிறை எங்க தம்பி இரிக்கி?"

நண்பன் கையை நீட்டிக் காட்டினான். "அந்தக் கறுத்த முகிலுக்குப் பின்னால, காக்கா. வலப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சி."

"அப்ப முகிலுக்கும் ஒரு கணக்குப் போட்டு அங்கால தள்ளிவிடுங்களன்."

கரை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு மழை தூறத் தொடங்கியது. வேறு ஊரில் கண்டதாகச் சேதி ஏதும் வருமா என்று பள்ளிவாசலில் காத்திருந்தார்கள், வரவில்லை. நாளைக்கும் நோன்பு, சனிக்கிழமைதான் பெருநாள் என்று அறிவித்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். தன் கணக்குச் சரி என்று அவன் ஒரு சொல் வாதாடவில்லை.

"சந்திரன் எங்க இரிக்கெண்டு கணக்கு செல்லித் தரும், மச்சான்" என்றான் வழியில். "நான் கண்டனெண்டு அது செல்லாதே. நோன்பு விடுறது கண்ணால காணுறத வெச்சித்தான்." அதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் நின்றான். "சனிக்கிழமை" என்றான்.

சனிக்கிழமை அவனால் பட்டணத்துக்கு வர முடியாது. கலியாணம் முடித்து வருகிற முதல் பெருநாள். தொழுகை முடிந்ததிலிருந்து இரண்டு பக்கத்து உறவினரும் புது மாப்பிள்ளையைப் பார்க்க வருவார்கள். அவன் வீட்டில் இருந்து வரவேற்க வேண்டும். எழுந்து போனால் பெண் வீட்டாருக்கு அதைவிட அவமானம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்றால் பத்திராதிபர் நிற்க மாட்டார். நண்பனின் கட்டுரையை நானே வாசித்துவிடலாம் என்றார் தலைவர். அவனும் அதற்குச் சம்மதம் சொல்லியிருந்தான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுரையை நான் முன்பே கேட்டிருந்தேன். வால்வெள்ளிகளைப் பற்றியது. பிழையில்லாதது, அச்சில் வார்த்தது போன்றது, பத்து வரியில் தூக்கம் வருவது. அவனுடைய திறமையெல்லாம் ஒருவர் மறித்துக் கேட்கும்போதுதான் வெளியே வரும். அவனில்லாமல் அந்தக் கடதாசியை மட்டும் பத்திராதிபர் கேட்டால், அதோடு காரியம் முடிந்தது.

மாநாட்டை இரண்டாக வெட்டுவோம் என்றேன். காலையில் பட்டணத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில். பின்னேரம் காத்தான்குடியில், அவன் வீட்டில்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பெருநாள் வீட்டில கூப்பிடாமப் போய் நிக்கிறதா?"

"கூப்பிட வைக்கிறன், ஐயா."

சொல்லிவிட்டேனே தவிர, அங்கே யாரைக் கேட்பது? புது மாப்பிள்ளை அந்த வீட்டில் வாய் திறந்து ஒரு குவளை தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். மாமியாரோடு அவன் அன்றுவரை நேரே பேசியதில்லை, அதுவும் வழக்கம்தான். ஊரார் முதலாளி என்றே அழைக்கும் மாமனார் கடையில் பெருநாள் வியாபாரத்தில் நெரிந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்று செருமினேன். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் மாமியாரின் குரல் கேட்டது.

"ஆர் தம்பி?"

"மாப்பிள்ளைட கூட்டாளி, உம்மா. டவுனில இருந்து வாறன்."

"தெரியும். உங்கட பெல் சத்தத்துக்கு எங்கட கோழியெல்லாம் வேலி பாயுது. மாப்பிள்ள நோன்போட படுத்திரிக்கார். எழுப்பவா?"

"இல்ல, உங்களோடதான் கதைக்கோணும்."

உள்ளே உரல் இடிக்கும் சத்தம் நின்றது. நாளைக்குப் பின்னேரம் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் வரலாமா என்று கேட்டேன்.

"பெருநாளைக்கு வாறதுக்கு உத்தரவு கேக்கிற வழக்கம் எங்க இரிக்கி? வாங்க. எத்தின பேர்?"

"இருபது பேர் மட்டில."

கதவுக்குப் பின்னால் அரிசிப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆரு அவங்க?"

"எழுதுற ஆக்கள், உம்மா. காய்ச்சல், பூச்சி, நட்சத்திரம், மழை, இதுகளப்பத்தி."

"மழையப்பத்தி எழுதுறவங்களா? நேத்து அவங்கள்ள ஒருத்தருக்கும் மழைட நினைப்பு வரல்லியா?"

உள்ளே வேறு பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார், மாப்பிள்ளை பேசுவதை அவர் கேட்டால்தான் வாராவாரம் எழுதும் இடம் அவனுக்குக் கிடைக்கும், இது தவறினால் இனி இல்லை.

"அப்ப கடை?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்தேன். "தெரியாது, உம்மா. வாரத்துக்கு ஒரு கட்டுரைதான். கடையில இருந்துகொண்டும் எழுதலாம். முதலாளி விட்டால்."

அவர் ஒரு மூச்சு விட்டார். "மகள் செல்லிரிக்காள். ராவில எழும்பி முத்தத்தில நிண்டு மேல பாத்துக்கிட்டு நிக்கிறாராம். இந்த மனிசனக் கடையில கொண்டுபோய் வெச்சாலும் முகட்டப் பாத்துக்கிட்டுத்தான் புடவ அளப்பார். வாங்க தம்பி. ஆனா முதல்ல சாப்பாடு, மறுகாதான் வாசிப்பு. உங்கட ஆக்கள் வாறதால ஆட்டிறச்சி மட்டும்தான். இறச்சி தின்னாத ஆக்கள் இரிக்காங்களா?"

தலைவர் சைவம் என்றேன்.

"அவருக்குப் புதுச்சட்டியில மரக்கறி. இன்னும் ஒண்டு. எங்களுக்கும் கேக்கோணும். தட்டி மறைச்சி இந்தப் பக்கம் நாங்க இருப்பம். வாசிக்கிறவங்க வாய்க்குள்ள முணுமுணுக்கப்படாது."

முதலாளிக்கு யார் சொல்வது என்று கேட்டேன். "அவருக்கு நான் செல்லுவன்" என்றார். உரல் திரும்பவும் இடிக்கத் தொடங்கியது. நான் புறப்படலாம் என்று அர்த்தம்.

பத்திராதிபர் சனிக்கிழமை காலை றெயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நித்திரையா விழிப்பா என்று தெரியாது. காலை அமர்வில் ஓவசியர் குளத்து நீரைப் பற்றி வாசித்தார், கிரான் வாத்தியார் நெற்பூச்சியைப் பற்றி. நான் காய்ச்சல் பரப்பும் நுளம்பைப் பற்றி. எனக்கு "நன்று" என்ற ஒரு சொல் கிடைத்தது. அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் வேறொன்றும் இருக்கவில்லை.

மத்தியானம் காத்தான்குடிக்குப் போகப் புறப்பட்டபோதுதான் பஸ் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் அன்று பெருநாள். பாலத்தால் நடந்தால் தலைவருக்கு ஆகாது. வாவிக்கரையில் நின்ற தோணிக்காரர்களைப் பிடித்தோம். மாநாடு முழுவதும் இரண்டு தோணியில் ஏறியது. தலைவர் குடை பிடித்துக்கொண்டு நடுவில் இருந்தார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் தபால் கந்தோர்க் கிளாக்கர் சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றைக் கடதாசியை எடுத்தார். பாடும் மீன். தீர்மானம் இருக்கிறதே என்று தலைவர் சொல்ல, "அது தரையில போட்ட தீர்மானம், ஐயா" என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். தோணியிலிருந்து எழுந்து போக யாரால் முடியும்? காத்தான்குடிக் கரை வரும்வரை கேட்டோம். தோணிக்காரர் மட்டும் துடுப்பை நிறுத்தி, தான் கேட்ட சத்தம் வேறு மாதிரி என்றார். பத்திராதிபர் முதல் தடவையாகச் சிரித்தார்.

முதலாளி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்தார். முகத்தில் மரியாதை நிறைய இருந்தது. மனத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. முற்றத்துப் பந்தலில் பாய் விரித்திருந்தார்கள். சகன் வந்தது, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டம் அது, குவித்த நெய்ச்சோறும் இறைச்சியும் மணக்க மணக்க. காலையில் ஒருவர் கட்டுரையை ஒருவர் கிழித்தவர்களெல்லாம் இப்போது ஒரே தட்டில் கை வைத்தார்கள். மண்டூர் வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். பிறகு நெய்ச்சோற்று மணம் அவரைச் சம்மதிக்க வைத்தது. பத்திராதிபர் தோணிக்காரரோடு ஒரே சகனில் இருந்து, எதிர்ப்பக்கத்து இறைச்சித் துண்டைத் தன் பக்கம் மெல்ல நகர்த்துவதை நான் கண்டேன். தலைவர் மட்டும் தனியே வாழையிலையில் புதுச்சட்டி மரக்கறியோடு, அவர்தான் அன்றைய மாப்பிள்ளை என்பது போல இருந்தார்.

பிறகு வாசிப்பு. என் நண்பன் சரிகைத் தொப்பியும் புதுச்சட்டையுமாக எழுந்தான். தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம் அடங்கியது. வேலிக்கு வெளியே அயலவர்கள் கூடிவிட்டார்கள். முதலாளி ஓரமாகக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவன் வாசித்தான். வால்வெள்ளி வந்தது, நீண்டது, போனது. பத்திராதிபர் கண்ணை மூடினார். புத்தகத்தில் இருப்பது போல ஒரு கேள்வி கேட்டார். அவனும் புத்தகத்தில் இருப்பது போலவே பதில் சொன்னான்.

அப்போது வேலியில் சாய்ந்து நின்றவர்களில் ஒருவர் கேட்டார்: "அந்த வால் கிடக்கட்டும் தம்பி. வியாழக்கிழமைப் பிறைக்கு என்ன நடந்த?"

நண்பன் கையிலிருந்த கடதாசிகளை மடித்தான். தட்டிப் பக்கமாக ஒரு விளக்குக் கேட்டான். பிழிந்துகொள்ளச் சகனோடு வைத்த எலுமிச்சையில், எங்கள் தேசிக்காயில், மிஞ்சிய ஒன்றை எடுத்தான். விளக்கை ஏற்றி இது சூரியன் என்றான், தேசிக்காயைக் கையில் பிடித்து இது சந்திரன், என் தலைதான் நம்மட உலகம் என்றான். தேசிக்காயை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதன் ஓரத்தில் மயிர் போல ஒரு வெளிச்சம் மட்டும் எப்படித் தெரிகிறது என்று வந்து பார்க்கச் சொன்னான். ஆட்கள் வேலிக்குள் வந்துவிட்டார்கள். ஓவசியரும் தலையை நுழைத்தார். புதுப்பிறை ஏன் மேற்கில் மட்டும், ஏன் சூரியன் பட்டதும் அதன் பின்னாலேயே ஓடிவிடுகிறது, ஒரு முகில் அதை முழுவதும் மூட ஏன் போதும் என்று, ஒவ்வொருவராக மறித்துக் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான். தொப்பி சரிந்ததையும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆள் வந்துவிட்டான்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாமியார்.

"கணக்கில எல்லாம் தெரியுமெண்டா, வியாழக்கிழம கரையில போய் நிண்டது என்னத்துக்கு?"

அந்த வீட்டுக்கு அவன் வந்து இத்தனை மாதத்தில் அவர் அவனிடம் நேரே கேட்ட முதல் வார்த்தை அது. நண்பன் தட்டிப் பக்கம் திரும்பினான். தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் குரல் குனியவில்லை.

"மாமி, விருந்தாளி புறப்பட்டுட்டாரெண்டு நமக்குக் கடிதம் வருகுதெண்டு வைங்க. எந்தப் பாதையில வாறார், இப்ப எங்க நிக்கார், எல்லாம் அதில இரிக்கி. எண்டாலும் அவர் படியில வந்து நிண்டாத்தானே சோறு போடுவம்? கணக்கு அந்தக் கடிதம் மாதிரி. பிறை படிக்கு வரோணும். நாம கண்ணால காணோணும்."

பிறகு உள்ளிருந்து, "கடிதம் வந்தாத் தேவலியே. எங்கட விருந்தாளியள் சைக்கிள் பெல்தானே அடிக்காங்க" என்று பதில் வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து சிரித்தன. என் காது சூடானது.

பத்திராதிபர் கண்களைத் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று தெரியாது. எழுந்துவந்து அந்தத் தேசிக்காயை வாங்கித் தானும் ஒருமுறை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "வால்வெள்ளியைப் பிறகு பார்ப்போம்" என்றார் நண்பனிடம். "இப்போது சொன்னதை, இவர்கள் கேட்ட கேள்விகளோடு, சொன்னபடியே எழுதித் தாரும். திங்கட்கிழமைத் தபாலில் போடவேண்டும். வாராவாரம் அப்படியே. உம்முடைய பெயரோடு வரும்."

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன். பொறாமை கொஞ்சம் இருந்ததால் இன்னும் பலமாக. முதலாளி மட்டும் கையைக் கட்டியபடியே இருந்தார். "திங்கட்கிழமை கடை திறக்கிற நாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பத்திராதிபருக்கு ஒரு செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். என் நண்பன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தோணியில் திரும்பும்போது கிளாக்கர்கூட மீனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். கட்டுரை இருந்தால் பட்டணத்துப் பெரிய தபால் கந்தோரில் நானே சேர்ப்பது, இல்லாவிட்டால் அவனோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது என்று நினைப்பு. கடை திறந்திருந்தது. பெருநாளுக்கு வாங்கிய சட்டைத்துணி போதாமல் வந்தவர்கள், நிறம் மாற்ற வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். முதலாளி தானே கவுண்டரில் நின்று புடவை அளந்துகொண்டிருந்தார். மருமகனைக் காணவில்லை.

சாறன் வாங்க வந்த ஒருவர் விலையைப் பற்றிக் குரலை உயர்த்தினார். முதலாளி கஜக்கோலை உதட்டில் வைத்தார்.

"மெல்லக் கதைங்க. மாப்பிள்ள எழுதுறார்."

கடையின் பின்பக்கம், யன்னலோரம், துணிக் கட்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி ஒரு மேசை போட்டிருந்தது. அதில் அவன் குனிந்திருந்தான். மைக்கூட்டுக்குப் பக்கத்தில் காய்ந்துபோன ஒரு தேசிக்காய். என்னைக் கண்டதும் இன்னும் அரைப்பக்கம் என்று கையால் காட்டினான். நான் கவுண்டரில் சாய்ந்து நின்றேன். முதலாளி ஒரு சாறனை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த விளக்கும் தேசிக்காயும். எனக்கு ஓரத்தில இருந்து சரியா விளங்கல்ல. ஒருக்காச் செல்லுங்க பாப்பம். பத்திரிகை வந்தா ஆக்கள் கடையில வந்து என்னட்டத்தானே கேப்பாங்க."

நான் சைக்கிள் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தேன்.